தொண்டையில் இரண்டு விரல்

வெளியூர் போகிறவர்கள் நாயை யாரிடம் விட்டுவிட்டுப் போவார்கள்? அந்தத் தெருவில் இதற்கு ஒரே பதில்தான்: நாயக்கா. கேலிக்கு வைத்த பெயர். அவள் அதையே பலகையில் எழுதி வாசலில் மாட்டி எல்லோர் வாயையும் அடைத்துவிட்டாள்.

நாய்களுக்கு ஃப்ளூ காய்ச்சல் பரவத் தொடங்கியதும் அவள் பிடித்த பிடி கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு தவணை ஊசியும் போட்ட அட்டை இல்லாமல் எந்த நாயும் உள்ளே வர முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கிண்ணம், தனிக் கயிறு. வெளியே போய் வந்தால் உடுப்பை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் நாய்களைத் தொடுவாள். "ஆஸ்பத்திரியிலகூட இவ்வளவு கெடுபிடி இல்லையேம்மா" என்ற பல் டாக்டரை, "அப்போ அங்கேயே விட்டுட்டுப் போங்க சார்" என்று நாயோடு திருப்பி அனுப்பினாள்.

எல்லாம் கிழவிக்காக. கிழவி அவளுடைய சொந்த நாய். பதினாலு வயது, இதயம் பலவீனம், ஊசி தாங்காது என்று கால்நடை மருத்துவர் கையை விரித்துவிட்டார். கிழவியைக் காப்பாற்ற அந்த வாசல் கதவை விட்டால் வேறு வழியில்லை.

அட்டையை மட்டும் நம்புகிற ஆளில்லை அவள். வருகிற நாயை வாசலில் இரண்டு சுற்று ஓடவிட்டு, தொண்டைக் குழாயை இரண்டு விரலால் மெல்ல அழுத்துவாள். உள்ளே கோளாறு இருந்தால் நாய் அங்கேயே இருமிவிடும். இந்தக் கைப்பக்குவத்தை அவள் ஒரே ஒருவனுக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள், தம்பிக்கு. ஆறு வருடம் அவளோடு நாய் குளிப்பாட்டியவன். இப்போது லாரி ஓட்டுகிறான்.

அந்தத் தம்பி ஒரு செவ்வாய்க்கிழமை காலை தன் நாயோடு வந்து நின்றான். பத்து நாள் வெளியூர் லோடு.

"ஊசி?"

"ஒண்ணு போட்டாச்சு. இன்னொண்ணு அடுத்த வாரம்க்கா."

"அப்போ அடுத்த வாரம் வா."

"என்கிட்டயேவாக்கா? நாய் நல்லாத்தான் இருக்கு. வேணும்னா அழுத்திப் பாரு."

அழுத்திப் பார்த்தாள். இருமவில்லை. கொஞ்சம் தூக்கக் கலக்கமாக இருந்தது, அவ்வளவுதான். வேறு யாருடைய நாயாவது அப்படிச் சொக்கி நின்றிருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாள். கூடப்பிறந்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் அந்த நாய் இரும ஆரம்பித்தது. விடாத வறட்டு இருமல். உடனே பின்னறையில் அடைத்தாள். ஆனால் பகலெல்லாம் அது கிழவியை ஒட்டியே படுத்திருந்ததே! தம்பிக்குப் போன் போட்டாள்.

"எப்பலேர்ந்துடா இருமுது?"

"ரெண்டு நாளா" என்றான், லாரிச் சத்தத்துக்கு நடுவே.

"நான் அழுத்தினப்போ இருமலையே?"

"கிளம்பறதுக்கு முன்னாடி இருமலை அடக்குற மருந்து குடுத்தேன். நீ எப்படியும் தொண்டையைத் தொடுவேன்னு தெரியும்ல."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னான் என்பதுகூடப் பெரிதில்லை. அவள் விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்ததை வைத்தே அவளை முட்டாளாக்கிவிட்டான். வேறு எவனாவது செய்திருந்தால் கிழிகிழியென்று கிழித்திருப்பாள். இவன் தம்பியாயிற்றே. போனை வைத்துவிட்டாள்.

மற்ற நாய்களின் வீட்டுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "தப்பு என்னுதுதான்" என்று சொன்னாள். ஊசி போட்ட நாய்கள் மூக்கொழுகலோடு தப்பித்தன. கிழவிக்கு நாலாம் நாள் காய்ச்சல் கண்டது. நுரையீரலில் சளி கட்டி, ஏழாம் நாள் மத்தியானம் அவள் மடியிலேயே மூச்சு நின்றது. நாலு வாரத்துக்கு எந்த நாயும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது என்று மருத்துவர் விடுதியை மூடச் சொன்னார்.

தம்பியின் நாய்க்கு வேளாவேளைக்கு மருந்து கொடுத்துத் தேற்றியது அவள்தான். அதன்மேல் அவளுக்குக் கோபமில்லை. அது யாரை ஏமாற்றியது?

பதினோராம் நாள் தம்பி வந்து கதவுக்கு வெளியே நின்று அழுதான்.

"இப்படி ஆகும்னு நினைக்கலைக்கா. நாலு வாரம் முடியட்டும், உள்ள வந்து உன் காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேக்கறேன்."

"நாலு வாரம் நாய்க்குடா, உனக்கில்லை" என்றாள் அவள். "அது முடிஞ்சதும் உன் நாயை வாசல்லயே கொண்டாந்து குடுத்துடுறேன். நீ உள்ள வர வேண்டாம்."