அவர் பார்த்த பக்கம்

கல்லடியில் சந்தைக்குப் போகும்போது நானும் கணவரும் மஞ்சள் கடவையால்தான் வீதியைக் கடப்போம். வலப்பக்கம் அவர் பார்ப்பார், இடப்பக்கம் நான். அவர் "வா புள்ள" என்றதும் நடப்பேன்.

அவர் காலமான பிறகு முதல்முறையாகத் தனியே சந்தைக்குப் புறப்பட்டேன். இடப்பக்கம் பார்த்தேன். வாகனம் இல்லை, இறங்கிவிட்டேன். வலப்பக்கமிருந்து வந்த ஓட்டோ என் சேலையை உரசிக்கொண்டு நின்றது.

சாரதி இறங்கி வந்தார். "இந்தப் பக்கம் பாக்கல்லையாம்மா?"

"அந்தப் பக்கம் அவர்தான் பாக்கிறவர்" என்றேன்.

சாரதி என் அருகில் யாரையோ தேடினார். பிறகு என்னை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டார்.

இப்போது கடவையில் நின்று முதலில் அவருடைய பக்கத்தைப் பார்க்கிறேன், பிறகு என்னுடையதை. "வா புள்ள" என்று மனதுக்குள் நானே சொல்லிக்கொண்டுதான் காலை வைக்கிறேன்.