பிரேயஸில் நான் சொன்ன ஓம்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதால் ரகரமும் றகரமும் இடம் மாறியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் எனக்கு இடம் தந்த சாப்பாட்டுக்கடை அக்காவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

இருபது வயதில் ஒரு சரக்குக் கப்பலில் தளம் கழுவினேன். பிரேயஸில் கப்பல் கைமாறியது, எங்களை இறக்கிவிட்டார்கள். வேறு கப்பலில் ஏற்றிவிடுவதாகச் சொன்ன ஏஜென்ட் வரவேயில்லை. மழைக்குள் துறையோரம் பெட்டிக்கு மேல் குந்தியிருந்தேன். எதிர்க்கடையிலிருந்து வந்த அக்கா, கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். படுக்க இடமிருக்கிறதா என்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். இருக்கிறது என்று தலையாட்டி, "ஓம், ஓம்" என்றேன். அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கடையின் பின்னால் கோதுமை மா மூட்டைகள் அடுக்கிய அறை எனக்குக் கிடைத்தது.

கிரேக்கம் கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் அவர்கள் மொழியில் "ஓஹி" என்றால் இல்லை என்று தெரிந்தது. என் ஓம் அவருக்கு ஓஹியாகக் கேட்டிருக்கிறது, அந்தப் பிழையால்தான் தப்பினேன் என்று நினைத்தேன். வெளியே குளிர்காலம். சொன்னால் அறை போய்விடுமோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

கோப்பை கழுவும்போது அக்கா துறைமுகத்தின் கதை சொல்வார். ஒருகாலத்தில் மதில் கட்டிக் காத்த பெரிய துறையாம். பிறகு நூற்றாண்டுக்கணக்காக ஆளரவமில்லாமல் கிடந்ததாம். நாடு விடுதலையானதும் தீவுகளிலிருந்து சனம் வந்து வீடு கட்டியது. நீராவிக் கப்பல்களும் ஆலைகளும் வந்தன. அதன்பின் சண்டையில் துரத்தப்பட்டவர்கள் கடலின் எதிர்க்கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். கொட்டகைகளில் படுத்து, ஆலைகளில் உழைத்து, ஊரைப் பெருப்பித்தவர்கள் அவர்கள்தான். அக்காவின் தாய் அப்படி இறங்கிய சிறுமி.

அங்கிருந்து நான் நோர்வேக்கு வந்து, வடகரையில் பாட்ஸ்பியோர்ட் என்ற ஊரின் மீன் ஆலையில் மீன் வெட்டி, பிறகு ஒஸ்லோவில் தங்கிவிட்டேன். போன கோடையில் மகளோடு பிரேயஸ் போனேன். விமானத்திலேயே அவள் தொடங்கிவிட்டாள். "அப்பா, அங்கை 'நே' எண்டால் ஓமாம். எங்கடை நோர்வேயிலை 'நைய்' எண்டால் இல்லை. தயவுசெய்து நீங்கள் வாயைத் திறக்காதேங்கோ."

ஒருபக்கம் மலைபோல் கொண்டெய்னர்கள், அவற்றுக்கு மேல் கிரேன்கள். சாப்பாட்டுக்கடை இருந்த இடத்தில் அக்காவின் மகன் தீவுக் கப்பல்களுக்கு டிக்கெட் விற்கிறான். அக்கா உள்ளே கதிரையில் இருந்தார். தலை நரைத்திருந்தது. மறந்துபோன கிரேக்கத்தைத் தேடிப் பொறுக்கி, அன்று நான் இடமிருக்கிறது என்றுதான் சொன்னேன், உங்களுக்குப் பிழையாகக் கேட்டுவிட்டது என்றேன்.

அக்கா என் கையைத் தட்டினார். அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"நீ என்ன சொன்னனி எண்டு ஆர் கேட்டது? போக இடமிருக்கிறவன் மழைக்குள்ளை பெட்டிக்கு மேலை இருக்கமாட்டான். என்ரை அம்மா ஆக்களும் இஞ்சை வந்து இறங்கேக்கை மூட்டைக்கு மேலை இருந்துகொண்டு, இடமிருக்கு எண்டுதான் சொன்னவையாம்."

ஒஸ்லோ, புருசெத்,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.