வலிக்காத சூடு

ஒரு பெண்ணின் கை கெட்டுப்போனதற்கு நான் காரணம். சூடு வைத்துக்கொண்டது அவள்தான். வைக்கச் செய்தது நான் நடத்திய படக்காட்சி.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் தொழுநோய்ப் பிரிவின் ஹெல்த் எஜுகேட்டராக இருந்தேன். நோயின் கொடுமை புரிந்தால் ஜனங்கள் தாமாக வருவார்கள் என்று பயிற்சியில் படித்திருந்தேன். அதனால் விரல் உதிர்ந்த கைகளையும் மூக்கு அமுங்கிய முகங்களையும் முதல் ஸ்லைடுகளாகப் போட்டேன். மாத்திரையில் குணமாகும் என்ற ஸ்லைடு கடைசி. அது வருவதற்குள் பாதிப் பேர் பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு எழுந்து போயிருப்பார்கள். பயம் நன்றாக வேலை செய்கிறது என்று ரிப்போர்ட்டில் பெருமையாக எழுதினேன்.

அப்படி ஒரு காட்சி நடந்த சில வாரங்களில், அந்த ஊர் விவசாயக் குடும்பத்தின் மருமகள் கன்னியம்மாள் கிளினிக்குக்கு வந்தாள். முழங்கைக்குக் கீழே சதை வெந்து சீழ் பிடித்திருந்தது. அடுப்பில் பட்டுவிட்டதா என்று கேட்டேன்.

"இல்ல சார். தேமல் மாதிரி இருந்திச்சி. படத்துல காட்னீங்களே, அந்தக் கை மாதிரி ஆயிடப் போவுதுன்னு கரண்டியக் காய்ச்சி வெச்சேன். வலிக்கவே இல்ல. சூடு பத்தலன்னு இன்னும் அமுக்கினேன்."

உணர்ச்சியற்ற தேமல்தான் அந்த நோயின் முதல் அடையாளம். அதனால்தான் அவளுக்கு வலிக்கவில்லை. மாத்திரை இருக்கிறதென்று சொன்னேனே என்றேன்.

"அதுக்குள்ள மாமியா என்னை இட்டுக்கினு பூட்டாங்க சார். அவங்களுக்குத் தெரிஞ்சா வூட்ல வெப்பாங்களா?"

பயத்தைக் காட்டும்போதே, தங்களால் செய்யக்கூடிய வழியையும் காட்டாவிட்டால் மனிதர்கள் நோயை மறைக்கத்தான் பார்ப்பார்கள். இதுவும் அந்தப் பயிற்சிப் பாடத்தில் இருந்தது. நான் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஸ்லைடுகளை நிறுத்தினேன். நோயின் பெயரைச் சொல்லாமல் 'தேமல் முகாம்' என்று நடத்தினேன். சொறி, படை எதுவானாலும் பார்த்தோம். கன்னியம்மாளுக்கு அவள் புல்லறுக்கும் வரப்பிலேயே போய் மாத்திரை கொடுத்தேன். புண் ஆறியது. இரண்டு விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன.

அந்த ஊர் முகாமுக்கு அவளுடைய மாமியாரும் வந்தார். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, முதுகைத் திருப்பிக் காட்டினார். அங்கிருந்த தேமலை இறகால் தொட்டேன். தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

"ரொம்ப வருசமா கீது நைனா. அன்னிக்கு உன் படத்தப் பாக்க முடியாமத்தான் எழுந்து பூட்டேன். மருமவளுக்கு மட்டும் சொல்லிடாத. எனக்கு ஒரு வாய் சோறு போட மாட்டா."

சொல்ல மாட்டேன் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். மாற்றலாகிப் போகும்வரை, ஒரே வீட்டுப் பெண்கள் இருவருக்கும் வேறு வேறு இடத்தில் மாத்திரை கொடுத்துவந்தேன்.