சக்கிமுக்கித் துப்பாக்கியும் சந்தனப் பொட்டும்

துப்பாக்கியைப் பற்றிப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி எனக்குத் தெரியாது. இரும்பு தெரியும், ஸ்பிரிங் தெரியும். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, கிண்டியில் ஒரு பம்பு கம்பெனியில் தலை நரைக்கும்வரை அரம் பிடித்தவள் நான். இப்போது மந்தைவெளியில், வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் தையல் மிஷின், ரோலிங் ஷட்டர் பூட்டு, கல்யாண மண்டபத்துக் காஸ் அடுப்பு என்று எது வந்தாலும் பார்க்கிறேன். அந்தக் கொட்டகை வாசலில்தான் ஒரு நாள் நாலு துப்பாக்கிகள் ஆட்டோவில் வந்து இறங்கின.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். டிப்போவில் கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறார்கள். அதை நடத்துகிறவர் பழைய டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டர். ரிட்டையர் ஆகி எத்தனை வருஷமானாலும் எல்லோருக்கும் அவர் இன்ஸ்பெக்டர்தான். நவராத்திரி முடிகிற சமயத்தில் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள். அந்த வருஷம் வெள்ளைக்காரக் கம்பெனிப் பட்டாளத்தோடு மோதிய ஒரு பாளையக்காரர் கதை. பாளையக்காரர் யார்? இன்ஸ்பெக்டர்தான், வேறு யார்.

என் வீட்டுக்காரருக்கு இத்தனை காலமும் கூட்டத்தில் நின்று 'வாழ்க' சொல்லும் வேஷம்தான் கிடைத்தது. இந்த முறை கம்பெனிச் சிப்பாய். கட்சி மாறிப் பாளையக்காரர் பக்கம் வந்து நிற்கிறவன். முழுசாக வசனம் உண்டு. மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பல் தேய்க்கும்போதும் வசனம், கொடியில் துணி போடும்போதும் வசனம். ஊரூர் குப்பத்தில் மீன் வாங்கப் போன இடத்தில் வஞ்சிரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பெனி அதிகாரியைத் திட்டியிருக்கிறார். மீன்காரம்மா பயந்துபோய் விலையைக் குறைத்துவிட்டாள்.

அந்த நாடகத்துக்கு வாங்கி, மேடையில் பொறி பறக்கிற மாதிரி செய்துகொடு என்று இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த துப்பாக்கிகள் வடக்கே எங்கேயோ செய்த நகல். அலங்காரத்துக்கு என்று விற்பது, அதனால் குழலுக்குள் வெடிமருந்துக்கு நெருப்பு போகிற ஊசித்துளை போடாமலே வரும். பார்வைக்கு ராஜகம்பீரம். அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பார்களே, அந்தக் கதைதான் உள்ளே.

"இன்னாமே, எப்டி கீது?" என்று என் வீட்டுக்காரர் பின்னாலேயே நின்றார்.

"கட்டைக்கு பாலிஷ் போட்டவன் நல்லா போட்டுகிறான்யா. மீதிய செஞ்சவன் தூங்கினே செஞ்சுகிறான்."

சக்கிமுக்கித் துப்பாக்கியின் சூட்சுமம் ரொம்பச் சின்னது. விசையை இழுத்தால், கல்லைக் கவ்வியிருக்கும் 'குதிரை' என்கிற சுத்தி பாய்ந்து எதிரே நிற்கும் இரும்புத் தகட்டில் உரச வேண்டும். பொறி பறந்து கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் விழ வேண்டும். இந்த நாலிலும் தகடு வெண்ணெய். கல் பட்டால் பொறி வராது, கீறல்தான் விழும். ஸ்பிரிங் ஒன்றில் கட்டைவிரல் வலிக்கும் அளவுக்கு முரட்டுத்தனம், இன்னொன்றில் உயிரே இல்லை. குழலைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். நீளத்துக்கும் ஒட்டு வைத்த குழாய். பின்பக்க மூடியைப் பித்தளை வைத்துப் பற்றவைத்திருந்தான், அதுவும் அரைகுறையாக. தண்ணீர் விட்டால் கசிகிறது. அதை அப்போதே என் வீட்டுக்காரரிடமும் இன்ஸ்பெக்டரிடமும் சொன்னேன். குழலால் என்ன, சுடவா போகிறோம் என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

குதிரையும் தகடும் ஸ்பிரிங்கும் சேர்ந்ததைத் துப்பாக்கியின் பூட்டு என்பார்கள்; நான் அந்தப் பூட்டு வேலையை எடுத்துக்கொண்டேன். தகடுகளைக் கரித்தூளோடு டப்பாவில் அடைத்துக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தேன். அரம் வைத்தால் வழுக்கியது. அப்படி வழுக்கினால்தான் தகடு இறுகியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங்குகளைத் தேய்த்து, மறுபடி பதம் பிடித்து ஒரே இழுப்புக்குக் கொண்டுவந்தேன். கல் ஆடாமல் இருக்கப் பிய்ந்த செருப்பின் தோலை வெட்டிச் சுற்றினேன். ஒரு சாயங்காலம் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு விசையை இழுத்தேன். கொத்துமல்லி விதையை அள்ளி வீசினதுபோலப் பொறி கொட்டியது. எனக்கு அத்தனை சந்தோஷம். மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டே இருந்தேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்துபோயிற்று.

ஒத்திகைக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே இன்ஸ்பெக்டரிடமிருந்து போன். நாலில் ஒன்றிலும் பொறி வரவில்லையாம், என்னத்தை ரிப்பேர் பண்ணினாய் என்று கத்தினார். கோபத்தோடு போய்ப் பார்த்தேன். ஒத்திகை ஆரம்பிக்கும் முன் துப்பாக்கிகளுக்குப் பூஜை போட்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைத்துப் பழகிய கைகள். எங்கே வைக்கலாம் என்று தேடி, பளபளவென்று நெற்றி மாதிரி நிமிர்ந்து நின்ற அந்தத் தகட்டிலேயே குழைத்த சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்திருக்கிறார்கள்.

"சாமி வரும்யா இதுக்கு. பொறி எப்டி வரும்?" என்றேன். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து நாலையும் இழுத்துக் காட்டினேன். பொறி பறந்தது.

ஆனால் பொறி வராமல் தவித்த அந்தக் கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டரின் மண்டைக்குள் வேறு ஒன்று புகுந்துவிட்டது. பொறி மட்டும் போதாதாம். சத்தம் வேண்டுமாம், புகை வேண்டுமாம். குழலில் துளை போட்டுப் பட்டாசு மருந்தைப் போட்டால் கடைசி வரிசை அதிரும் என்றார்.

"குண்டு இல்லமா. மருந்து மட்டும். ஒரு சிட்டிகை."

"ஒரு கடுகு அளவு கூட கூடாது. அது குழாய் சார், துப்பாக்கி இல்ல. மூடி பிச்சிகினு பின்னால வரும். இல்லன்னா துளை வழியா பக்கத்துல அடிக்கும்."

"நீ பூட்டு பாக்கறவ. பூட்ட பாரு."

துளை வலது பக்கம் வரும். சுடுகிற காட்சியில் பாளையக்காரருக்கு வலது தோளை ஒட்டி நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். கட்சி மாறி வந்த சிப்பாய். துளையிலிருந்து பாய்கிற நெருப்பு என் வீட்டுக்காரர் கண்ணுக்கு நேராக இருக்கும். இதை வீட்டில் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒரு தபாதான் மே. அவர் பேச்ச தட்னா வேஷம் பூடும்."

"கண்ணு பூட்ச்சின்னா?"

"நீ சொம்மா பயமுறுத்தாத."

அதற்குள் இன்ஸ்பெக்டர் தனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரரிடம் சொல்லிவைத்துவிட்டார். விஜயதசமி காலையில் நல்ல நேரத்தில் துளை போடுவது, சாயங்காலம் நாடகம். ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிகளை என் கொட்டகையில் மற்ற சாமான்களோடு வைத்துப் படைக்கச் சொன்னார். அவராகவே கொண்டுவந்து வைத்துவிட்டும் போனார்.

ஆயுத பூஜை எங்களுக்கு விளையாட்டு இல்லை. அரம், சுத்தியல், ஸ்பேனர், வெல்டிங் செட் எல்லாம் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்தால், மறுநாள் மறுபூஜை போடும்வரை ஒன்றையும் தொடக்கூடாது. படைத்ததை எடுத்தால் தொழில் விளங்காது என்பார்கள். நானும் அதை நம்புகிறவள்தான். பம்பு கம்பெனியில் ஒரு முறை அவசர ஆர்டர் என்று மானேஜர் கெஞ்சியபோதுகூட அன்றைக்கு அரத்தைத் தொடமாட்டேன் என்று வீட்டுக்கு வந்தவள்.

அந்த ஆயுத பூஜையன்று படைத்து முடித்து, மத்தியானம் வடை பாயசம் சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் தூங்கிப்போனார். நான் கொட்டகையில் சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். நாலு துப்பாக்கியும் மாலை போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தன. நாளைக்குக் காலையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இன்றைக்கு விட்டால் உண்டா?

"தாயே, உன் கோவத்த என்னோட வச்சிக்க," என்று சத்தமாகவே சொன்னேன். மாலையைக் கழற்றினேன். சுத்தியலை எடுத்தேன்.

நாலு குழலையும் கட்டையிலிருந்து பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் முழு நீளத்துக்கும் இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, வாயில் வெல்டிங் வைத்து மூடினேன். இனி எவன் எங்கே துளை போட்டாலும் கம்பியில் போய் முட்டும். ஒரு சிட்டிகை என்ன, ஒரு துகள் மருந்துக்கும் உள்ளே இடம் கிடையாது. பூட்டுகளைத் தொடவில்லை. கடைசிக் குழலை முடித்து முகமூடியைத் தூக்கியபோது என் வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"படைச்சத எடுத்துட்டியா மே?"

"எடுத்துட்டேன்."

அவர் குழலைக் கையில் வாங்கி வாயைத் தடவிப் பார்த்தார். வெல்டிங் இன்னும் சூடாக இருந்தது, கையை உதறிக்கொண்டார். பிறகு அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "காலம் பூரா வாழ்க வாழ்கன்னு கத்தினு கெடந்தேன்மே. ஒரே ஒரு வேஷம்." கண்டக்டராக இருந்து பஸ் முழுக்கக் கேட்கிற குரல் அது. அன்றைக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற மாதிரி நான் என்ன செய்தேன்?

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். விளங்காதவள் என்றார், பூஜை சாமானைத் தொட்டவள் கைபட்ட பொருள் மேடைக்கு ஆகாது என்றார். ஆகாத பொருளை வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். வேறு துப்பாக்கிக்கு எங்கே போவார்? ஆட்டோவில் ஏற்றினார். ஏற்றிவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, சிப்பாய் வேஷத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாடகத்துக்கு நான் போனேன். போகாமல் இருப்பேனா? முதல் வரிசையில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து முணுமுணுத்தவர்களை நானும் திரும்பிப் பார்த்தேன். சுடுகிற காட்சியில் இருட்டில் நாலு துப்பாக்கியும் ஒன்றாகப் பொறி கக்கின. உள்ளே யாரோ பெரிய மேளத்தை ஓங்கி அடித்தார்கள். சனம் கை தட்டியது. பாளையக்காரரின் வலது தோளை ஒட்டி நின்ற புதுச் சிப்பாய் வசனத்தை மறந்து விழித்தான். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசைக்கும் பின்னால், தூணில் சாய்ந்துகொண்டு என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். வருவேன் என்று என்னிடம் சொல்லவேயில்லை. மேடையில் அந்தப் பையன் மறந்த வசனத்தை அவர் உதடு சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு சொல் விடாமல்.

பஸ்ஸில் வரும்போது, "உன்னாலதான்," என்றார்.

"ஆமா. என்னாலதான்," என்றேன்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். ஆனால் டிவியில் எங்காவது துப்பாக்கியைக் கண்டால் போதும், சட்டென்று என் பக்கம் திரும்பி ஒரு முறை முறைப்பார். முறைக்கட்டும். ரெண்டு கண்ணாலும் நல்லா முறைக்கட்டும்.