பால் தெளித்த காலை

குடவாசல் பக்கம் எங்கள் ஊரில் இருபத்திரண்டு வருடம் தலையாரியாக இருந்தவர் ரெத்தினம். போலீஸ் கூப்பிட்டால் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போடுவதும் அவர் வேலைதான்.

பிடிபட்டவன் போலீசிடம் சொன்னதெல்லாம் கோர்ட்டில் செல்லாது. அவன் சொல்லித்தான் பொருள் கிடைத்தது என்றால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். வெள்ளைக்காரன் காலத்துக் குண்டூர் வழக்கு ஒன்றிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே பொருளை எடுக்கும்போது உடனிருந்து பார்த்ததாகச் சொல்ல ஆள் வேண்டும். எங்கள் பக்கம் அந்த ஆள் தலையாரி. உண்மையில் பார்த்தாரா என்று யார் கேட்டார்கள்? ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்.

அதே ஊர் வேம்பு மீது பம்புசெட் மோட்டார் திருட்டு வழக்கு. ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் எட்டு மாதம் சிறையில் கிடந்தான். சட்ட உதவி வக்கீலான என்னிடம் அவன் வழக்கு வந்தது. வாய்க்கால் மதகடியில் காலை ஆறு மணிக்கு அவன் மோட்டாரை எடுத்துக் கொடுத்தானாம். பொருளை எடுத்ததற்குப் போலீஸ் எழுதிய மகஜரில் சாட்சி ரெத்தினம். தேதியைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு முந்தின நாள்தான் அவர் மனைவி நாகம்மாளை எரித்தார்கள். நானும் சாவுக்குப் போயிருந்தேன். பிள்ளை இல்லாத வீடு. மகஜர் சொன்ன அதே ஆறு மணிக்கு அவர் சுடுகாட்டில் பால் தெளித்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்து ஸ்டேஷனுக்குப் போனவர், வழக்கம்போலத் தேதியும் நேரமும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இதைக் கேட்காவிட்டால் வேம்புவுக்குத் தண்டனை. கேட்டால் அந்த மனுஷன் வேலை போகும். கேட்டேன். எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

“அன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?”

மதகடி என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். எத்தனையோ வழக்கில் சொன்னதுதான். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சுடுகாட்டுலம்மா. நாகம்மாவுக்குப் பால் தெளிச்சேன். அதை இல்லேன்னு சொல்ல மாட்டேன்.”

வேறு சாட்சியம் இல்லாததால் வேம்பு விடுதலையானான். ரெத்தினத்தை சஸ்பெண்ட் செய்தார்கள். போலீஸ்காரர்கள் அவரைக் கண்டுகொள்வதில்லை. வேம்புவும் பேசுவதில்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். எட்டு மாதம் என்ன லேசா?

போன வாரம் ரெத்தினம் என் ஆபீசுக்கு வந்தார்.

“வக்கீலம்மா, தீர்ப்பு நகல் ஒண்ணு தாங்க. அவ பேரு அதுல இருக்காமே?”

“உங்களுக்கு எதுக்குங்க அது?”

“அவ பேரைச் சொல்ல என்னை விட்டா யாரும்மா இருக்கா?”

கொடுத்தேன். ஒன்பதாவது பாராவில் பெயர் வரும் இடத்தில் விரலை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை. நகல் பெற்றதற்கு ரசீது நீட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“இன்னைக்கு என்னம்மா தேதி?” என்றார்.