ஒரு மணிக்குச் சூடாகும் மெஷின்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது, எங்கள் கம்பனியின் ஐந்து இடங்களையும் இணைத்து வைத்திருந்த கொம்பியூட்டர் பெரியக்காவின் காலடியில், ஒரு சோடிச் செருப்புக்கும் ஒரு குடைக்கும் நடுவில் இருந்தது. மேலே பூப்போட்ட துணி. முன்பக்கத்தில் சந்தனப் பொட்டு. சேர்வருக்குப் பொட்டு வைக்கச் சொல்லி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. வைக்கக்கூடாது என்றும் இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பெரியக்கா என்றால் முதலாளியின் அக்கா. வெள்ளவத்தைக் கடையின் காசு மேசை அவருடையது. நாங்கள் விற்பது பாத்திரம்: குக்கர், இடியப்பத் தட்டு, சாப்பாட்டுக் கரியர். வெள்ளவத்தையில் தொடங்கி கொட்டாஞ்சேனை, களனி, களுபோவில என்று கடைகள் பெருகி, சாமான் அடுக்கி வைக்கத் தெமட்டகொடையில் ஒரு பெரிய ஸ்டோரும் வந்துவிட்டது. அங்கே ரயில் போகும்போதெல்லாம் சட்டிகள் தாளம் போடும். கடைகள் பெருகிய வேகத்தில் யாரும் வயரைப் பற்றி யோசிக்கவில்லை. ஒரு கடைக்கு முதலாளியின் மச்சான், இன்னொரு கடைக்கு மச்சானின் சிநேகிதன் என்று ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை இழுத்து ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். களனியில் ஒரு கரண்டிக்குப் பில் போட்டாலும் அது வெள்ளவத்தை வரை வந்து, பெரியக்காவின் குடைக்குப் பக்கத்தில் சலாம் போட்டுவிட்டுத்தான் திரும்பிப் போகும்.

இதையெல்லாம் பிரித்துப் புதிதாகக் கட்டுவதுதான் என் வேலை. முதல் வாரம் எல்லாக் கடைகளின் இணைப்பையும் அளந்து பார்த்தேன். தினமும் ஒரு மணிக்கு எல்லாக் கோடும் ஒன்றாகப் படுத்துவிடும். இரண்டு மணிக்கு ஒன்றாக எழும்பும். மின்சாரக் கோளாறோ, லைன் கம்பனியின் திருகுதாளமோ என்று மண்டையைக் குழப்பி, ‘மர்மமான தடங்கல்’ என்று அறிக்கையில் ஒரு பந்தி கூட எழுதிவிட்டேன். வெட்கம் கெட்ட தலைப்பு.

மர்மம் அடுத்த நாளே உடைந்தது. வெள்ளவத்தையில் மணி ஒன்றானதும் பெரியக்கா குனிந்தார். பொத்தானை அமத்தினார். துணியை ஒழுங்காக மூடிவிட்டார்.

“என்னக்கா செய்யிறீங்கள்?”

“மெஷின் சுடுது பிள்ளை. ஒரு மணித்தியாலம் ஆறட்டும்.”

நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். ஐந்து இடத்து வியாபாரமும் ஒருவர் விரலில் நின்றுபோவதை அதுவரை நான் கண்டதில்லை.

அந்த ஒரு மணித்தியாலத்துக்குக் கடைகள் எல்லாம் பழகியிருந்தன. களனியில் மனேஜர் வாடிக்கையாளரிடம் சிங்களத்தில், “சிஸ்டம் டவுன் நோனா, தெகட்ட என்ன” என்று இரண்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிப்பார். கொட்டாஞ்சேனைக் கடையில் பெரிய அண்டாக்களைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். மறுபடி அளக்கப் போன என்னையும் ஒரு அண்டாவில் உட்கார வைத்தார்கள். கேஷியர் அக்கா தன் பெட்டியிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார்.

“சிஸ்டம் ரெஸ்ட் எடுக்குது மிஸ். நாங்களும் எடுப்போம்.”

நல்ல மீன். ஆனால் நான் மனதுக்குள் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கூத்தை ஒழித்துக் கட்டுவேன் என்று.

ஒழித்துக் கட்டினேன். தெமட்டகொடை ஸ்டோரின் மேல்மாடியில் ஏசி போட்ட ஓர் அறை. அதில் புது சேர்வர். இரண்டு வெவ்வேறு கம்பனிகளின் லைன், ஒன்று செத்தால் மற்றது தாங்கும். கரண்ட் போனால் பற்றரி, பற்றரி போனால் ஜெனரேட்டர். ஒரு கடை விழுந்தாலும் மற்றக் கடைக்குத் தெரியவே தெரியாது. முதலாளி அந்த அறைக்கு வந்து, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் மெஷினைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு மெஷின் என்றால் அப்படி ஒரு பாசம்.

வெள்ளவத்தையில் பழைய கொம்பியூட்டரைக் கழற்றப் போனபோது பெரியக்கா சண்டை பிடிப்பார் என்று பயந்தேன். அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

“புது மெஷின் ஒரு மணிக்கு நிக்குமோ?”

“நிக்கவே நிக்காது அக்கா,” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “அப்ப சரி,” என்று துணியை எடுத்து மடித்தார். அந்தப் பார்வையில் இருந்தது மரியாதை என்று நினைத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

கொஞ்ச நாளில் முதலாளியின் டெலிபோன் கோல் வந்தது.

“தங்கச்சி, உம்மட சிஸ்டத்துக்கு எண்ணத் தெரியாது போல. கொட்டாஞ்சேனையில ஒரு கரியர் வாங்கின மனுசிக்கு பதினொண்டுக்கு பில் போயிருக்கு.”

ஒருநாள் அல்ல, தினமும் இந்தக் கூத்து. அதுவும் மத்தியானத்தில் மட்டும். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வயரை மாற்றினேன். சுவிட்சை மாற்றினேன். கீபோர்ட்டை மாற்றினேன். எல்லாம் பவுன்போல வேலை செய்தன. வேறு வழியில்லாமல் கேஷியர் அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி தாண்டியது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்க, அவர் முகம் முழுக்க வியர்வை. விரல்கள் நடுங்கின. ‘1’ ஐ ஒருமுறை அமத்த நினைத்த விரல் இரண்டுமுறை அமத்தியது. ஒரு இடியப்பத் தட்டு என் கண் முன்னாலேயே பதினொன்று ஆனது.

“அக்கா, சாப்பிட்டீங்களா?”

“இன்னும் இல்ல மிஸ். எனக்கு டர்ன் கடைசி. கேஷ் வேற யாரும் தொடக்கூடாதே.” இழுப்பறையைத் திறந்து ஒரு டொபியை எடுத்து வாயில் போட்டார். “சீனி வருத்தம் மிஸ், டயபிடீஸ். நேரத்துக்குச் சாப்பிடாட்டி இப்படித்தான்.”

விஷயம் இதுதான். சிஸ்டம் நிற்காதபடியால் கடை நிற்கத் தேவையில்லை. கடை நிற்காதபடியால் சாப்பாடு முறைவைத்து. முதலாளி அப்படித்தான் ஓடர் போட்டிருந்தார், அதுவும் என்னைப் பாராட்டி. சாப்பாட்டுக் கரியர் விற்கிற கடையில் சாப்பிட நேரமில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவரை எழுப்பிச் சாப்பிட அனுப்பிவிட்டு நான் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். பில் போடும் திரை எனக்குப் பிடிபடவில்லை. வரிசையில் நின்ற ஒரு அன்ரி, “இந்தப் பிள்ளைக்கு ட்ரெய்னிங் குடுக்கலியா?” என்று கடை முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார். அந்த வலைப்பின்னலைக் கட்டியவள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

முதலாளியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பிழை சிஸ்டத்தில் இல்லை, அவவுக்குப் பசி, அவ்வளவுதான் என்று. அவர் கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப அவவால முடியாது போல. இந்த மாசத்தோட வேற பிள்ளை ஒண்டை கேஷுக்குப் போடுவம்.”

உண்மையைச் சொன்ன பலன் இது. கேஷியர் அக்காவின் புருஷனுக்குத் துறைமுகத்தில் கூலி வேலை, அதுவும் கப்பல் வந்தால்தான். வீடு ஓடுவது இந்த அக்காவின் சம்பளத்தில். எனக்கு முதலாளிமீது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கோபத்தோடு வெள்ளவத்தைக்குப் போய்ப் பெரியக்கா முன்னால் நின்றேன். கதையைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை.

“அக்கா, அந்தப் பழைய மெஷின் உண்மையாவே சுட்டதோ?”

“எனக்கென்ன தெரியும்? நான் தொட்டே பாத்ததில்லை.”

“பிறகேன் நிப்பாட்டினீங்கள்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“முந்தி நானும் தம்பியிட்டச் சொன்னனான், பிள்ளையளைச் சாப்பிட விடடா எண்டு. வியாபாரம் போயிடும் எண்டான். ஆளுக்குப் பசிக்குது எண்டா அவனுக்குக் காது கேக்காது பிள்ளை. மெஷினுக்குச் சுடுது எண்டா ஓடி வருவான்.”

நான் அன்று சிரித்த சிரிப்பு எனக்கே திரும்பி வந்து அடித்தது. எல்லாரையும்விட முட்டாளாக இருந்தது நான்தான்.

அடுத்த நாள் முதலாளியின் அறைக்குப் போனேன். முகத்தைச் சாவு வீட்டுக்குப் போனதுபோல் வைத்துக்கொண்டேன்.

“சேர், ஒரு பிரச்சினை. புது சேர்வர் மத்தியானத்தில சூடாகுது.”

அவர் கதிரையை விட்டே எழுந்துவிட்டார். “ஏசி போட்டிருக்கே?”

“ஏசியும்தான் சேர் களைச்சுப் போகுது. பில் எண்ணிக்கை பிழைக்கிறது அதாலதான். ஒண்டிலயிருந்து ரெண்டு மணி வரைக்கும் ஆற விட்டா ஒரு பிழையும் வராது.”

“அப்ப கொட்டாஞ்சேனை மனுசியில பிழையில்லை?”

“அவவில ஒரு பிழையும் இல்லை, சேர்.”

“பாவம், எவ்வளவு பெரிய மெஷின். விடும், விடும். ஆறட்டும்.”

இரண்டு லைன், பற்றரி, ஜெனரேட்டர் எல்லாம் போட்டு நிற்கவே நிற்காதபடி கட்டிய சேர்வரை, தினமும் ஒரு மணித்தியாலம் நிற்கச் சொல்லி நானே கட்டளை எழுதினேன். அன்றுமுதல் கொட்டாஞ்சேனையில் ஒரு கரியர் வாங்கினால் ஒன்றுக்குத்தான் பில் வருகிறது. கேஷியர் அக்கா அதே கதிரையில் இருக்கிறார். ஒரு மணிக்கு அண்டாவில் போய் உட்காருகிறார்.

இப்போது வத்தளையில் ஐந்தாவது கடை திறக்கப் போகிறோம். வரைபடத்தை மேசையில் விரித்ததும் முதலாளி கவலையோடு ஒன்று கேட்டார்.

“தங்கச்சி, அங்க வைக்கிற மெஷினும் ஒரு மணிக்குச் சூடாகுமோ?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியக்கா நான் வாய் திறப்பதற்குள் சொன்னார்.

“எல்லா இடத்திலயும் சூடாகும்.”