என்னையும் அளந்தார்கள்

"அம்மா, நீ ஏன் இவ்ளோ குள்ளமா இருக்க?"

வடகம் போட்டு வைக்கும் பெரிய டின்னைப் பரணிலிருந்து எடுக்க முக்காலியில் ஏறி நின்றேன். அதைக் கீழே ஆடாமல் பிடித்துக்கொண்டுதான் என் மகன் இதைக் கேட்டான். கேலி இல்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டான். "டின்னப் புடி மொதல்ல" என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு வாரமாகிறது, இன்னும் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

குள்ளம் என்பதைவிட 'இருக்க' என்பதுதான் என்னைச் சுருக்கென்று குத்தியது. போன வருஷம் வரை எங்கள் ஊர்ப் பேச்சில் 'கீற' என்றுதான் சொல்வான்.

நான் குள்ளம் என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு வகுப்பு வாரியாக நிற்கும்போது எங்கள் வரிசையில் முதல் ஆள் நான். படிப்பில் கெட்டிக்காரி என்பதால்தான் டீச்சர் முன்னால் நிற்க வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்பேன். அது உயரப்படி என்று பின்னால் நின்றவள் சொன்ன அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். பிறகு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது, உத்திரமேரூர் பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் என் காலடியில் ஒரு பலகையைப் போட்டுப் படம் எடுத்தார். பலகையைப் புடவை மறைத்துவிட்டது. கல்யாணம் முடிந்து வீட்டுக்குள் வந்த என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாமியார் கேட்டார்: "போட்டோல வளத்தியா இருந்தியேம்மா, மீதிய உங்க வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பின் உயரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வீட்டில் உயரத்துக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது: கொல்லையில் துணி உலர்த்துவது. மாமியார் கட்டிய கொடிக்கயிறு எனக்கு எட்டவில்லை. என் கணவர் அதை அவிழ்த்து, எனக்கு எட்டும்படி தாழக் கட்டிக் கொடுத்தார்.

அந்தக் கயிறுதான் பிறகு என் மகனுக்கு கோல் போஸ்ட் ஆனது. இரண்டு பக்கமும் கம்பம், மேலே கயிறு. கயிற்றுக்கு மேலே போனால் அவுட். அவனுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். தெருவில் மற்ற பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையோடு போவார்கள், இவனுக்கு மட்டும் பந்தைப் பாய்ந்து பிடிக்க வேண்டும். கணவருக்கு ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் ஷிப்ட் வேலை. உள்ளங்கை முழுக்க ரப்பர் பொட்டு வைத்த வெள்ளைக் கையுறைகளை அங்கே கொடுப்பார்கள். பழையது ஒரு ஜோடியை எடுத்துவந்து கொடுத்தார். எத்தனை முறை துவைத்தும் மெஷின் எண்ணெய் வாசனை போகவில்லை. இவனோ அதைப் போட்டுக்கொண்டே சோறு தின்னப் பார்ப்பான்.

பந்து அடிக்க ஆள் வேண்டுமே? நைட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்தான் அடிப்பேன்.

"அம்மா, கட்ட வெரல்ல அடிக்காத! பக்கத்துல அடி!"

"எந்தப் பக்கத்துலடா?"

"கால் பக்கத்துல! பூசணிக்கொடி பக்கத்துல இல்ல!"

கொடியில் இருந்த பிஞ்செல்லாம் அந்த வருஷம் என் காலால்தான் போனது. ஆனால் தப்பித் தவறி ஒரு பந்து நேராகப் போனால், "என்து!" என்று கத்திக்கொண்டு பாய்வான். ஈர மண்ணில் விழுந்து, பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு எழுந்திருப்பான். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும் கணவர் வாசலிலிருந்தே கேட்பார்: "இன்னா, ஆத்தாளும் புள்ளையும் டோர்னமெண்டு நடத்திகினு கீறீங்களா? எனுக்கு டீ கீதா, இல்லியா?"

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பள்ளி விளையாட்டு ஆசிரியர் காஞ்சிபுரத்தில் நடந்த ஒரு தேர்வுக்கு அழைத்துப் போனார். டிவியில் ஆடுகிற பெரிய ஃபுட்பால் கிளப் ஒன்று, சின்னப் பிள்ளைகளை எடுத்து வளர்க்கச் சென்னையில் அகாடமி வைத்திருக்கிறது. தங்க இடம், படிக்கப் பள்ளி, காலையும் மாலையும் பயிற்சி. கோல் கீப்பராக இவனை எடுத்துக்கொண்டார்கள். முதல் லீவுக்கு வந்தபோது, கடைக்குப் போய் உப்பு வாங்கிவரச் சொன்னால், "இன்னிக்கு எனக்கு ரெகவரி டேம்மா" என்றான். சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது தெரியாமல் இத்தனை வருஷம் உழைத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் சீசன் முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். டிராக் சூட் போட்ட ஒரு பெண், சுவரோரம் நிறுத்தியிருந்த அளவுகோலைக் காட்டி என்னை அழைத்தார்.

"மேடம், செருப்பக் கழட்டிட்டு இப்படி நில்லுங்க."

"நானா? பையனுக்கு இல்லீங்களா?"

"அவனுக்கு எடுத்தாச்சு. அப்பா, அம்மா ஹைட்டும் வேணும். அத வெச்சுத்தான் அவன் எவ்ளோ வளருவான்னு கணக்குப் போடுவோம். கொண்டைய மட்டும் கொஞ்சம் அவுத்துடுங்க மேடம்."

வெளியூர் போகிறோமே என்று கொண்டை போட்டுப் பூ வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு நின்றேன். மூச்சை இழுத்துப் பிடித்தேன். "அவ்ளோதாங்க அவ. இழுத்துப் பாத்தாலும் வராது" என்றார் கணவர், சிரிப்பு மூட்ட. தலைமேல் அளவுகோலின் பலகை மெதுவாக வந்து உட்கார்ந்தது. பி.காம். வரை எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன். எதற்கும் படிக்காமல் போனதில்லை. இதற்குப் படிக்க ஒன்றுமே இல்லை.

பிறகு கோச் எங்களை உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனிதர். "கை அருமையான கை. பயம்னா என்னன்னே தெரியாது அவனுக்கு. ஆனா பெரிய கோல் போஸ்ட்டுக்குப் போகும்போது ஒயரம் வேணும்மா. கணக்கு நூத்துக்கு நூறு சரியா வரும்னு சொல்ல மாட்டேன். கம்மியாத்தான் காட்டுது. அடுத்த சீசன்லேருந்து டிஃபென்ஸ்ல ஆட வைக்கலாம்னு பாக்கறோம். கோல்லதான் நிப்பேன்னு அடம் புடிச்சா, இங்க வெச்சுக்கறது கஷ்டம். லீவுல நீங்களே பக்குவமா சொல்லி அனுப்புங்க. அம்மா சொன்னா கேட்டுக்குவான்."

திட்ட ஒரு ஆள் கிடைத்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். திரும்பும்போது பஸ்ஸில் கணவர், "எங்கப்பா நல்ல வளத்தி. அது வந்தாலும் வரும்" என்றார். "வரலாங்க" என்றேன். வீட்டுக்கு வந்தபின், "நீயே சொல்லிடு, எனுக்கு வாய் வராது" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். கம்பியில் தொங்க விடு என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்காவோ, "எந்தம்பி காலேஜ் போன பெறகுதான் வளந்தான், பேண்ட்டெல்லாம் கணுக்காலுக்கு மேல பூடுச்சு, நீ இன்னாத்துக்கு பேஜார் ஆவுற?" என்கிறார். அவர் சொல்லும்போது நம்பிக்கை வருகிறது. அவர் போனதும் அதுவும் போய்விடுகிறது.

இப்போது கொல்லையில் கொடிக்கயிறு இல்லை. மாடியில் ஸ்டீல் ஸ்டாண்டில் துணி காய்கிறது. பூசணிக்கொடி இருந்த இடத்தில் பைக் நிற்கிறது. "என்து!" என்று கத்தியவன் இப்போது "கீப்பர்!" என்றுதான் கத்துகிறான், அங்கே அதுதான் முறையாம். போன வாரம் தெருவில் நின்று, "நான் அடிக்கட்டுமாடா?" என்று கேட்டேன். "வேணாம்மா, நீ அடிக்கறது ரொம்ப மெதுவா வரும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

லீவுக்கு வந்த அன்றைக்கே கேட்டான்: "கோச் என்னம்மா சொன்னாரு?" வாயில் வந்ததைச் சொன்னேன்: "உன்ன நல்லா சாப்புடச் சொன்னாருடா."

முட்டை வாசனையே ஆகாத பிள்ளை அவன். அன்றிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டை தின்கிறான். கீரையை ஒதுக்குவதில்லை. வயிறு நிறைந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிகிறது, ஆனாலும், "இன்னும் ஒண்ணு வைம்மா" என்று தட்டை நீட்டுகிறான். நானும் வைக்கிறேன். வேறு என்ன செய்வது?

அகாடமி திறக்க அதிக நாள் இல்லை. பிள்ளைக்கு இப்படி ஒன்றைச் சொல்லவேண்டி வந்த அம்மாக்கள் உங்களில் இருப்பீர்கள். சின்ன வயதில் இப்படி ஒன்றைக் கேட்டுக்கொண்ட பிள்ளைகளும் இருப்பீர்கள். எனக்கு எழுதுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னால் சாப்பிட மாட்டான். சாப்பிட்டு முடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று பார்த்தால், அவன் முடிப்பதாக இல்லை.